பேசாத டீச்சரின் இங்கிலீஷ் வகுப்பு

எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு பொங்கல் அன்றைக்குத்தான் எனக்குக் குரல் போயிற்று. ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில், பென்னலூர் போகிற வழியில், ஏரியைப் பார்த்தபடி ஒரு ஹைஸ்கூல் இருந்தது. ஓட்டுக் கட்டடம், ஜன்னலுக்குக் கம்பி உண்டு, கதவு கிடையாது. அங்கே நான் இங்கிலீஷ் டீச்சர். வயது இருபத்துநாலு. வேலை தற்காலிகம்தான். சொந்த ஊர் மணிமங்கலம். தினமும் பஸ் மாறிப் போய்வர முடியாது என்பதால், அதே பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சரோடு பெரும்புதூரில் ஒரு அறையில் தங்கியிருந்தேன்.

அப்போதெல்லாம் ப்ளஸ் டூ வரவில்லை. பதினொன்றாம் வகுப்புதான் கடைசி. எஸ்.எஸ்.எல்.சி. என்று சொல்லும்போதே பிள்ளைகள் குரல் ஒரு மாதிரி தழையும். அதிலும் இங்கிலீஷ் என்றால் கேட்கவே வேண்டாம். உரைநடை, செய்யுள், துணைப்பாடம், இலக்கணம், கடிதம் எழுதுவது, ஒரு பக்கத்தைச் சுருக்கி எழுதுவது என்று அது பாட்டுக்குப் போகும். மற்ற பாடத்திலெல்லாம் நல்ல மார்க் வாங்கிவிட்டு இதில் மட்டும் போய்விட்டு, செப்டம்பரில் எழுதி, மறுபடி மார்ச்சில் எழுதி, அப்புறம் எழுதுவதையே விட்டவர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள்.

நான் வேலையில் சேர்ந்த அன்றைக்கே தையல் டீச்சர் எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். என்னைவிடப் பத்து வயது பெரியவர். கிறிஸ்தவ சபைக் கோயிலில் பாட்டுப் பாடுகிறவர், வாய் ஓயாது.

"பதினொண்ணாவது இங்கிலீஷ் கிளாஸ்ல என்ன எதிர்பார்க்கலாம்னு கேக்கறியா? சொல்றேன் கேட்டுக்கோ. நீ பேசுவே. அதுங்க எழுதும். நீ கேள்வி கேப்பே. அதுங்க தன் காலைப் பாக்கும். அப்புறம் நீயே பதிலையும் சொல்லுவே, அதையும் எழுதிக்கும். மார்ச் வந்துடும். அவ்ளோதான்."

அப்படியேதான் நடந்தது. ஜூனிலிருந்து டிசம்பர் வரைக்கும் நான் பேசினேன். பாடத்தை வாசிப்பதும் நான்தான், தமிழில் சொல்வதும் நான்தான், கேள்வியும் பதிலும் நான்தான். அந்தப் பக்கம் பையன்கள், இந்தப் பக்கம் பெண்கள், நடுவில் ஒரு ஆள் நடக்கிற வழி. நாற்பது பேருக்கு மேல் இருப்பார்கள். ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது சொல்கிற "ப்ரெசென்ட் டீச்சர்" தவிர அவர்கள் இங்கிலீஷ் பேசி நான் கேட்டதில்லை. அவர்கள் பேசாததை எல்லாம் சேர்த்து நான் சத்தம் போட்டுப் பேசினேன். ஜன்னலுக்கு வெளியே ரோட்டில் லாரி போனால் அதற்கும் மேலே பேசினேன்.

கார்த்திகை மாதத்திலேயே தொண்டை கட்ட ஆரம்பித்தது. பனங்கற்கண்டு, மிளகு, சித்தரத்தை என்று அம்மா கொடுத்தனுப்பியதெல்லாம் சாப்பிட்டேன். பொங்கல் அன்று பாலைப் பொங்கவிட்டு வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அப்பா பயந்துபோய் மெட்ராசில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு வயதான டாக்டர் சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். ஓயாமல் கத்திக் கத்தி, குரல் வருகிற இடத்தில், கை காய்ப்பதுபோலக் காய்த்துப் போயிருக்கிறதாம்.

"ஒரு மாசம் வாயைத் திறக்கக் கூடாது. கிசுகிசுன்னுகூடப் பேசப்படாது, அது இன்னும் கெடுதல். சொன்னதைக் கேட்டா தானா கரையும். இல்லேன்னா ஆபரேஷன். ஆபரேஷன் பண்ணா பழைய குரல் வரும்னு நான் எழுதித் தர மாட்டேன்" என்றார்.

அப்பா "டீச்சர் வேலைங்க" என்றார்.

"அப்ப இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பூந்தமல்லி தாண்டி இரண்டு பக்கமும் வயல் வந்ததும், அவர் என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த வேலை கிடைக்க அவர் எத்தனை பேரைப் பார்த்தார் என்பது எனக்குத் தெரியும்.

தலைமையாசிரியர் கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. தையல் டீச்சர்தான் என்னோடு வந்து விஷயத்தைச் சொன்னார். தலைமையாசிரியர் மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"பப்ளிக் எக்ஸாம் வர்ற நேரம்மா. வாயே தொறக்காத டீச்சரை வெச்சுக்கிட்டு இங்கிலீஷ் கிளாஸை நான் எப்படி நடத்தறது? சயின்ஸ் சார் எடுத்துக்கறேன்றாரு. நோட்ஸ் சொல்லிடுவாரு, பசங்க எழுதிக்கும். நீங்க லீவு போட்டு ஒடம்பைப் பாருங்க."

தற்காலிக வேலையில் லீவு போட்டால் திரும்பி வரும்போது அந்த நாற்காலியில் வேறு யாராவது இருப்பார்கள். அது அவருக்கும் தெரியும். நான் கையில் ஒரு சிலேட்டு கொண்டுபோயிருந்தேன். அதில் "ஒரு வாரம் மட்டும் பார்க்கலாம் சார்" என்று எழுதிக் காட்டினேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "வெள்ளிக்கிழமை நான் வந்து கிளாஸ்ல உக்காருவேன்" என்றார்.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனேன். கரும்பலகையில், "என்னால் பேச முடியாது. நீங்கள் வாசிக்க வேண்டும்" என்று இங்கிலீஷில் எழுதி, பாடத்தின் பக்கத்தையும் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். கடலில் மூடுபனியில் மாட்டிக்கொண்ட ஒரு கப்பலைப் பற்றிய பாடம் அது. எதிரில் வேறு கப்பல் வந்தால் தெரியாது என்பதால், கப்பலில் இருந்தவர்கள் விடாமல் மணி அடித்துக்கொண்டே போவார்கள்.

யாரும் எழுந்திருக்கவில்லை. முன் வரிசையில் ஒரு பெண் புத்தகத்தைத் திறந்தாள், மூடினாள். பையன்கள் பக்கம் "இன்னாடா ஆச்சு டீச்சருக்கு?" என்று ஒருவன் மெதுவாகக் கேட்டான். அப்புறம் அதுவும் அடங்கிவிட்டது.

அந்த முக்கால் மணி நேரத்தை என்னால் இன்றைக்கும் முழுசாக நினைத்துப் பார்க்க முடிகிறது. ஆறு மாதமாக அந்த அறைக்குள் என் சத்தம் தவிர வேறெதையும் நான் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் ஒவ்வொன்றாகக் கேட்டது. ஓட்டுக்கு மேலே அணில் ஓடிற்று. ஏரியில் யாரோ மாட்டைக் குளிப்பாட்டும்போது சொல்கிற "ஹை ஹை". தூரத்தில் கோயில் உச்சிக்கால மணி. வெயில் ஜன்னல் கம்பியின் நிழலை முதல் பெஞ்சிலிருந்து இரண்டாவது பெஞ்சுக்கு நகர்த்திக்கொண்டு போயிற்று. எனக்குத் தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு மேலே வெளிச்சத்தைப் பார்ப்பதுபோல இருந்தது. பெல் அடித்தது. எல்லாரும் எழுந்து போனார்கள். ஒரு வரிகூட நடக்கவில்லை.

அறைக்கு வந்து சிலேட்டில் "ஒண்ணும் நடக்கல" என்று எழுதினேன். தையல் டீச்சர் படித்துவிட்டு, "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கும் போ" என்றும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமையும் அதையே எழுதிவிட்டு உட்கார்ந்தேன். கால்மணி போயிருக்கும். கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். மண்ணூர்ப் பக்கத்துப் பெண், கிறிஸ்தவக் குடும்பம். அவள் அப்பா மாட்டுவண்டியில் மெட்ராசுக்கு வைக்கோல் பாரம் ஓட்டுகிறவர். மாதா கோயில் சிஸ்டர்மார்கள், எஸ்.எஸ்.எல்.சி. தேறினால் நர்ஸ் பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று அவள் வீட்டில் சொல்லியிருந்தார்கள். அதெல்லாம் பிற்பாடு எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அட்டெண்டன்ஸில் கடைசிக்கு முந்தின பெயர் என்பதுதான்.

"நான் வாசிக்கறேன் டீச்சர்" என்றாள். புத்தகத்தை இரண்டு கையாலும் மார்புக்கு நேரே ஏந்திப் பிடித்துக்கொண்டாள். வாசிக்க ஆரம்பித்தாள்.

மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கிறவள் அவள். அவளுக்கு உரக்க வாசிப்பது என்றால் அந்த ஒரு முறைதான் தெரியும். மூடுபனியில் போன அந்தக் கப்பலை அவள் அப்படியே வாசித்தாள். ஒவ்வொரு வார்த்தையையும் தனித்தனியாக எடுத்து வைத்தாள். வாக்கியம் முடிகிற இடத்தில் குரலைக் கொஞ்சம் உயர்த்தி, மெல்ல இழுத்து, இறக்கினாள். அப்புறம் ஒரு மூச்சு நிறுத்தினாள். ஏதோ அந்தக் கப்பலில் இருந்தவர்கள் எல்லாரும் புனிதர்கள் மாதிரி இருந்தது.

பையன்கள் சிரித்தார்கள். பெண்களும் சிரித்தார்கள். எனக்கே சிரிப்பு வந்தது, சத்தமில்லாமல் சிரித்தேன். அவள் நிறுத்தவில்லை. காது மடல் சிவந்தது, ஆனால் நிறுத்தவில்லை. நிறைய தப்பு. பாதி வார்த்தைகளை எழுத்துக் கூட்டித்தான் சொன்னாள். மற்ற நாளாக இருந்தால் மூன்று வார்த்தைக்கு ஒரு தரம் நான் குறுக்கே விழுந்து திருத்தியிருப்பேன். இப்போது முடியாது. அதனால் கேட்டேன். ஒரு பக்கம் முடிவதற்குள் சிரிப்பு நின்றிருந்தது. முதல் தரம் தப்பாகச் சொன்ன ஒரு வார்த்தை அடுத்த பத்தியில் மறுபடி வந்தபோது, அவளே கொஞ்சம் யோசித்துச் சரியாகச் சொன்னாள்.

புதன்கிழமை பையன்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு பெண் வாசித்துவிட்டாள், நாம் சும்மா இருப்பதா என்று. அவர்கள் நடுவே ஒரு ஒல்லிப் பையனைப் பிடித்துத் தள்ளினார்கள். அவன் அப்பாவுக்குப் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் வேலை. சின்ன வயதிலிருந்து பெரியவர்களோடு கோஷ்டியில் நின்று, சேர்ந்து பாசுரம் சொல்லிப் பழகியவன். அவன் புத்தகத்தைப் பார்த்து வாயைத் திறந்ததும் அந்த ராகம்தான் வந்தது. மூச்சு விடாமல் ஒரே வீச்சாகப் போய், வாக்கியத்தின் நடுவில் எங்கேயோ நிறுத்தி, மறுபடி பிடித்துக்கொண்டான். கப்பல் மணி அடிக்கிற இடம் வந்தபோது அவன் பக்கத்தில் இருந்த இரண்டு பையன்கள், கோயில் பழக்கத்தில், கடைசி வார்த்தையைக் கூடச் சேர்ந்து சொல்லிவிட்டார்கள். சொன்ன பிறகுதான் அவர்களுக்கே தெரிந்தது. வகுப்பே குலுங்கிற்று.

அன்றைக்கு பெல் அடித்ததை யாரும் கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் ஸ்பெஷல் கிளாஸ். பரீட்சை வகுப்புக்கு மட்டும் ஏழரை மணிக்கு வைப்பார்கள். தை மாதப் பனி. நான் அறையிலிருந்து கிளம்பும்போதே ரோட்டில் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. புளியமரங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றுவிட்டுப் பின்னால் போயின. எனக்கு எதிரே ஒரு சைக்கிள் மணி மட்டும் வந்தது, அப்புறம் சைக்கிள் வந்தது, அதில் ஒரு பால்காரர் தலையில் துண்டு கட்டிக்கொண்டு போனார். பேசாமல் இருந்த அந்த நாட்களில் எனக்குக் கனவில்கூடப் பேச்சு வரவில்லை. கனவில் யாராவது கேட்டால் அங்கேயும் சிலேட்டைத் தேடுவேன். அந்தக் காலையில் நடந்து போனதும் அப்படி ஒரு கனவின் மிச்சம் மாதிரியே இருந்தது.

வகுப்பில் எல்லாரும் போர்வையும் துண்டும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பனி ஜன்னல் வழியாக உள்ளேயே வந்திருந்தது. கரும்பலகை ஈரமாக இருந்ததால் சாக்பீஸ் சரியாகப் பிடிக்கவில்லை. எனக்கு என்ன தோன்றியதோ, பாடத்தை விட்டுவிட்டு, பலகையில் ஒரே ஒரு கேள்வி எழுதினேன். "வெளியே என்ன தெரிகிறது?" இங்கிலீஷில்தான்.

எழுதிவிட்டு நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எல்லாரும் திரும்பினார்கள். அங்கே ஒன்றும் இல்லை. தினமும் பார்க்கிற ஏரி இல்லை, கரை இல்லை, அந்தப் பக்கத்துப் பனைமரங்கள் இல்லை. வெள்ளையாக ஒரு சுவர் நின்றது. அதற்குள்ளே எங்கேயோ ஒரு நாரை கத்தியது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. பின் பெஞ்சிலிருந்து ஒரு பையனின் குரல் வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஃபேக்டரியில் அண்ணன் வேலை பார்க்கிற பையன். எஸ்.எஸ்.எல்.சி. முடித்தால் தன்னையும் அங்கே சேர்த்துவிடுவான் என்று காத்துக்கொண்டிருந்தவன். முரட்டுப் பையன், புத்தகத்தைத் தொடவே மாட்டான்.

"நோ லேக், டீச்சர்" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, கடைசி பெஞ்சுப் பெண், "லேக் இஸ் தேர். ஃபாக் இஸ் கவரிங்" என்றாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

"பேர்ட் இஸ் தேர்" என்றது இன்னொரு குரல்.

"வீ ஆர் நாட் ஸீயிங். வீ ஆர் ஹியரிங்" என்றான் கோயில் பையன்.

பாடத்தில் இருந்த வார்த்தைகள்தான். ஆனால் யாரும் புத்தகத்தைப் பார்க்கவில்லை, யாரும் தன் காலைப் பார்க்கவில்லை. ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள், எனக்காக அல்ல, அவர்களுக்காகவே. பனிக்குள் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று குரல்கள் வந்துகொண்டே இருந்தன. ஆறு மாதம் நான் பேசி அந்த அறைக்குள் வராத ஒன்று, நான் வாயை மூடிக்கொண்ட நாலாம் நாள், தானாக வந்து உட்கார்ந்திருந்தது. வெயில் ஏறி ஏரி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்கு அப்புறம் வெட்கம் வந்துவிட்டது போல, நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் வந்தார். பையன்கள் பக்கம், கடைசி வரிசையில் ஒரு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். வகுப்பு பழையபடி கல்லாகிவிட்டது. நான் பலகையில் பாடத்தின் பெயரை எழுதி, அந்தப் பெண்ணைப் பார்த்தேன். எழுந்தாள். புத்தகத்தை ஏந்திக்கொண்டு வாசித்தாள். அதே பூசை ராகம். அவர் புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

கப்பல் தலைவன் மேல்தளத்தில் நின்று கவலையோடு பனிக்குள் பார்த்துக்கொண்டிருந்தான் என்று ஒரு வரி. அதில் "ஆங்க்ஷியஸ்லி" என்ற வார்த்தையில் அவள் மாட்டிக்கொண்டாள். "ஆன்... ஆன்ஸி..." என்று இரண்டு தரம் போய்விட்டு நின்றுவிட்டாள். அந்த வார்த்தை என் தொண்டை வரைக்கும் வந்து நிற்கிறது. ஒரே ஒரு வார்த்தை. சொல்லிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும். டாக்டர் சொன்னதையும் நினைத்துப் பார்க்கிறேன், அந்தப் பெண் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நிற்பதையும் பார்க்கிறேன். உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டேன்.

தலைமையாசிரியரால் தாங்கமுடியவில்லை. அவரும் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவர்தான். வார்த்தையை எடுத்துக் கொடுக்கப் பாதி எழுந்தார். நான் என்னையறியாமல் கையைத் தூக்கி, "இருங்கள்" என்று அவருக்குக் காட்டிவிட்டேன். தூக்கிய பிறகுதான் யாருக்குக் காட்டினேன் என்று உறைத்தது. வேலை அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவர் ஒரு கணம் அப்படியே நின்றார். அப்புறம் உட்கார்ந்துவிட்டார்.

காத்திருந்தோம். அந்தக் காலத்தில் பையன்களும் பெண்களும் ஒரே வகுப்பில் வருஷக் கணக்காக இருந்தாலும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளமாட்டார்கள். நடுவில் இருந்த அந்த வழியை யாரும் கண்ணால்கூடத் தாண்டமாட்டார்கள். அந்தப் பக்கத்திலிருந்து கோயில் பையன் எழுந்தான். அவளைப் பார்க்கவில்லை, புத்தகத்தைத்தான் பார்த்தான். "ஆங்... ஸியஸ்" என்றான். அதுவும் சரியில்லை. அவள், அவனைப் பார்க்காமலே, "ஆங்ஸி... ஆங்க்ஷியஸ்" என்றாள். "லி" என்றான் அவன். "ஆங்க்ஷியஸ்லி" என்றாள் அவள். சொல்லிவிட்டு அந்த வரியை முதலிலிருந்து வாசித்தாள், ராகத்தோடு.

"மீனிங் சொல்லு" என்றார் தலைமையாசிரியர் உட்கார்ந்தபடியே.

அவள் திரும்பி நின்று யோசித்தாள். "சார், எங்கப்பா வண்டி வர்றதுக்கு லேட் ஆயிடுச்சின்னா, எங்கம்மா வேலை செஞ்சிகினே வாசலுக்கு வந்து வந்து ரோட்டைப் பாத்துட்டுப் போவும் சார். ஒருத்தருகிட்டயும் ஒண்ணும் சொல்லாது. அந்த மாதிரி பாக்கறது சார்."

"இங்கிலீஷ்ல சொல்லு."

"மை மதர்..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. "மை மதர் இஸ் லுக்கிங் தி ரோட், ஆங்க்ஷியஸ்லி."

நடுவில் ஒரு சின்ன வார்த்தை விட்டுப்போயிருந்தது. அவர் திருத்துவார் என்று நினைத்தேன். திருத்தவில்லை. "உக்காரும்மா" என்றார். பெல் அடிக்கும்வரை அங்கேயே இருந்தார். வேறு இரண்டு பேர் வாசித்ததையும் கேட்டார்.

தாழ்வாரத்தில் என்னோடு நடந்து வந்தார். ஆபீஸ் வாசலில் நின்று, "எல்லாம் சரிம்மா. அந்த ராகத்தை மட்டும் கொஞ்சம் மாத்த முடியாதா?" என்றார்.

நான் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். "பரீட்சை பேப்பர்ல ராகம் கேக்காது சார்."

அவர் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். "நடத்துங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஒரு மாதம் அப்படியே நடந்தது. எல்லா நாளும் அந்தப் பனி நாள் மாதிரி இருந்தது என்று சொன்னால் பொய். சில நாள் ஒருவரும் எழுந்திருக்காமல் வெறுமே போனது. சில நாள் இரண்டு பேர் ஒரு வார்த்தைக்காகச் சண்டை போட்டு, அகராதியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். இலக்கணத்தைப் பலகையில் எழுதி எழுதி என் விரல் வெடித்தது. ஆனால் மாசி பிறந்தபோது, பெஞ்சு வாரியாக எல்லாருமே ஒரு தரமாவது எழுந்து வாசித்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு ராகம் இருந்தது. பஸ் கண்டக்டர் ஊர்ப்பேர் கூப்பிடுகிற மாதிரி வாசித்தவன்கூட உண்டு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யார் வாசிக்கிறார்கள், எந்த ஊர், வீட்டில் எந்தச் சாமி என்றுகூட என்னால் சொல்லிவிட முடியும் போல இருந்தது.

பரீட்சைக்கு முன்னால் மறுபடி டாக்டரிடம் போனேன். கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டு, "கரைஞ்சிடுச்சு. கெட்டிக்காரப் பொண்ணு" என்றார். "பேசிப் பாரு" என்றார். பயமாக இருந்தது. "அப்பா" என்று கூப்பிட்டேன். கொஞ்சம் கரகரப்பாக, வேறு யாருடைய குரல் மாதிரியோ வந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து உள்ளே ஓடி வந்துவிட்டார்.

கடைசி வகுப்பு வருவதற்குள், எனக்குக் குரல் வந்துவிட்டது என்று தையல் டீச்சர் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். நான் உள்ளே போனதும், "பேசுங்க டீச்சர்" என்றார்கள் எல்லாருமாக. எனக்கு நிறையச் சொல்ல இருந்தது. முந்தின நாள் முழுக்க யோசித்து வைத்திருந்தேன். பரீட்சையை எப்படி எழுதவேண்டும், எந்தக் கேள்வியை முதலில் எழுதவேண்டும், அவர்களைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன், எல்லாம். ஆனால் அந்தப் பெண் ஏற்கனவே புத்தகத்தை ஏந்திக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள், என்னைப் பார்த்ததும் தயங்கி, உட்காரலாமா என்று யோசித்தாள்.

நான் "கோ ஆன்" என்று மட்டும் சொன்னேன். சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அவள் மேலே வாசித்தாள். அன்றைக்கு முழுவதும் நான் பேசிய இங்கிலீஷ் அந்த இரண்டு வார்த்தைதான்.

ரிசல்ட் வந்தபோது எல்லாரும் தேறிவிடவில்லை. ஆனால் இங்கிலீஷில் போனவர்கள் அந்த வருஷம் குறைவு. மண்ணூர்ப் பெண் தேறி, நர்ஸ் பயிற்சிக்குப் போனாள். அவள் அம்மா ஒரு பை நிறைய மாங்காய் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அம்பத்தூர் அண்ணனுடைய தம்பியும் தேறிவிட்டான். கோயில் பையன்தான் பாவம், இங்கிலீஷில் நல்ல மார்க் வாங்கிவிட்டுக் கணக்கில் போய்விட்டான். செப்டம்பரில் எழுதித் தேறினான். தலைமையாசிரியர் அடுத்த வருஷமும் எனக்குப் பதினொன்றாம் வகுப்பையே கொடுத்தார். கொடுக்கும்போது, "தொண்டையைப் பத்திரமா பாத்துக்குங்க" என்றார், சிரிக்காமல். அவர் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று இன்னும் எனக்குத் தெரியாது.

அப்புறம் வேலை நிரந்தரமாகி, கல்யாணமாகி, எத்தனையோ ஊர்களில் வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டேன். என் பழைய கணீர்க் குரல் திரும்பி வரவே இல்லை. கொஞ்சம் கரகரப்போடுதான் மீதிக் காலத்தை ஓட்டினேன். அதற்காக நான் வருத்தப்பட்டதும் இல்லை. இன்றைக்கும் வீட்டிலோ பஸ்ஸிலோ யாராவது ஒரு வார்த்தைக்குத் தடுமாறி நின்றால், அது எனக்குத் தெரிந்த வார்த்தையாகவே இருந்தாலும் நான் எடுத்துக் கொடுப்பதில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் காத்திருக்கிறேன், அநேகமாக அது அவர்களுக்குள்ளிருந்தே வந்துவிடுகிறது.